ஆழக்குழிச் சேறு

பஸ் உறுமிக்கொண்டு கிளம்புகிற நேரம் பார்த்துத்தான் அபுதாகிருக்குப் பேச்சு வரும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றவன், சக்கரம் உருண்ட பிறகு ஜன்னலோடு கூடவே ஓடிவந்து என்னமோ கத்தினான். இன்ஜின் இரைச்சலில் ஷாகிராவின் காதுக்குப் பாதிதான் வந்து சேர்ந்தது. “தம் போட்டிருக்கேன், பயப்படாத.” அவ்வளவுதான். வளைவு வந்துவிட்டது, யூகலிப்டஸ் மரங்கள் வந்துவிட்டன, புருஷனைக் காணவில்லை. லாட்ஜ் கணக்கையெல்லாம் தீர்த்துவிட்டு அவன் நாளைக்குத்தான் வருவான். தம் போட்டிருக்கானாம். சிகரெட்டை இனித் தொடமாட்டேன் என்று நிக்காஹுக்கு முன்னால் சத்தியம் பண்ணினவன். அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றியும் வந்தான், அல்லது காப்பாற்றி வருவதாக அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அதை இப்போது, தேவிக்கானல் பஸ் ஸ்டாண்டில், ஊரே வேடிக்கை பார்க்க ஓடிவந்து ஒப்புக்கொள்ள என்ன அவசரம்? அதிலும் பயப்படாதே என்று ஒரு வால் வேறு. பயப்படாதே என்று யாராவது சொன்ன பிறகுதானே மனுஷிக்குப் பயமே வருகிறது. மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்பார்கள். ஷாகிராவின் மடியில் தெர்மாகோல் பெட்டி இருந்தது. பெட்டிக்குள் ஐஸ், ஐஸுக்கு நடுவே நட்டுவைத்த பிளாஸ்டிக் குழாய்கள், குழாய்களுக்குள் தேவிக்கானல் ஏரியின் அடிச்சேறும் சேற்றுக்கு மேலே ஒரு சாண் ஏரித்தண்ணீரும். மேலே போடு என்றார் கண்டக்டர். முடியாது என்றாள். பெட்டியில் மீனா என்றார். இல்லை, மண் என்றாள். ஐஸ் பெட்டியில் வைத்து மண்ணை மதுரைக்கு எடுத்துப்போகிற பொம்பளையை அவர் தன் சர்வீஸில் பார்த்ததில்லை போலிருக்கிறது. டிக்கெட் கிழிக்கும்போதும் பெட்டியையே பார்த்தார், அவளும் அவர் கையையே பார்த்தாள். சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டால் டிக்கெட் கிழிக்கிற கைகூட என்னமோ செய்யப்போகிற கையாகத்தான் தெரியும்.

இது வெறும் மண் இல்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது? ஊர்ச் சாக்கடையும் லாட்ஜுகளின் சோப்புத்தண்ணீரும் வருஷக்கணக்காக ஏரியில் விழுந்து, அதிலிருந்த பாஸ்பரஸ் எல்லாம் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. சாக்கடையை அடைத்தாகிவிட்டது, ஏரி சுத்தமாகிவிட்டது என்று ஊர் சொல்கிறது. மேலே பார்த்தால் சுத்தம்தான். அடியில் படுத்திருப்பது செத்துப் படுத்திருக்கிறதா, தூங்குகிறதா என்பதுதான் கேள்வி. சேற்றில் பாஸ்பரஸ் ஒரே மாதிரி இருப்பதில்லை. சுண்ணாம்போடு சேர்ந்தது சேர்ந்ததுதான், லேசில் பிரியாது. இரும்போடு சேர்ந்தது வேறு ஜாதி. தண்ணீரில் ஆக்ஸிஜன் இருக்கிறவரை இரும்பு அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். கோடையில் அடித்தண்ணீரில் மூச்சு முட்டினதும் பிடியை விட்டுவிடும். விட்டதெல்லாம் மேலே ஏறி வரும், ஏரி பச்சையாகப் பாசி கட்டும். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அப்படிக் கட்டித்தான் அதைக் குடித்த இரண்டு மாடு கரையிலேயே விழுந்தது. இப்போது அந்தத் தண்ணீரைப் பம்பு வைத்து மேட்டுத்தெருவுக்குக் குடிக்கக் கொடுக்கப்போகிறார்கள். ஒரு கம்பெனி குழாய் பதிக்கக் காத்திருக்கிறது. சேறு தூங்குகிறதா செத்துவிட்டதா என்று குணவதி மேடம் எழுதிக் கொடுக்க வேண்டும், அதை வைத்துத்தான் மேலே முடிவு. மதுரையில் மேடத்தின் ஆய்வகத்தில்தான் ஷாகிராவும் அபுதாகிரும் வேலை பார்த்தார்கள். கல்யாண வீடுகளில் தேக்சா தேக்சாவாக பிரியாணி ஆக்குகிற பண்டாரியின் மகனும், பத்தமடைப் பள்ளிக்கூட வாத்தியாரின் மகளும் சேற்றைக் கரைத்துக் கரைத்துப் பார்த்தே பழகிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். மற்ற குழாய்கள் எல்லாம் ஓரத்துச் சேறு, அது போனால் போகட்டும். ஏரியின் நடுவில் ஆழக்குழி என்று ஒரு இடம், மூச்சு முட்டுவதெல்லாம் அங்கேதான். அங்கிருந்து ஒரே ஒரு குழாய்தான் எடுக்க முடிந்தது, அடுத்த தடவை இறக்கும்போது கயிறு அறுந்து கருவியே போய்விட்டது. இன்றைக்கோ நாளைக்கோ மழை இறங்கும், ஏரி கலங்கி அடித்தண்ணீருக்கும் மூச்சு வந்துவிடும், அப்புறம் அடுத்த கோடைவரை கேட்டாலும் ஆழக்குழி வாயைத் திறக்காது. அந்த ஒற்றைக் குழாய்க்குள் காற்று நுழையக்கூடாது, நுழைந்தால் விட்டதையெல்லாம் இரும்பு மறுபடி பிடித்துக்கொள்ளும், காற்றுப் பட்ட சேறு நல்ல பிள்ளை மாதிரி பேசும், நான் ஒன்றையும் விடமாட்டேன், பம்பு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும். சேற்றைப் பொய் சொல்லவைக்க விஷம் கலக்க வேண்டாம், கணக்கில் கூட்டிக் குறைக்க வேண்டாம். மூடியைக் கொஞ்சம் திறந்து மூடினால் போதும்.

பக்கத்தில் பிளம்ஸ் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அழுகின முட்டை வாடை. ஷாகிராவுக்கு அந்த வாடை பழகிப்போய் நாற்றமாகவே தெரிவதில்லை, ஆனால் இப்போது திடுக்கென்றது. வாடை வெளியே வருகிறதென்றால் எங்கேயோ வழி இருக்கிறது, வெளியே வர வழி இருந்தால் உள்ளே போகவும் வழிதானே. இல்லை, ஓரத்துக் குழாய்களில் ஒன்றாக இருக்கும். இல்லை, அவள் துப்பட்டாவில் நேற்றுத் தெறித்த சேறாக இருக்கும். இருக்கும், இருக்கும். நேற்று பரிசலில் இரண்டு பேருக்குத்தான் இடம், பரிசல்காரரும் தாகிரும் போனார்கள், அவள் கரையில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆழக்குழிக் குழாயைக் கையில் ஏந்தி அவன் திரும்பி வந்தபோது உச்சியிலிருந்து அடிவரை கறுப்பு, மை மாதிரி கறுப்பு, அதைப் பார்த்தாள், பார்த்தாளா, வெயிலில் கண் கூசியது. அப்போதுதான் அந்த ஜோதிராமன் ஜீப்பில் வந்து இறங்கினான், குழாய் பதிக்கிற கம்பெனியின் ஆள். சிரித்த முகம், பேசும்போது தோளைத் தொடுகிற பழக்கம். தாகிரின் தோளைத் தொட்டான், டீ குடிக்கலாம் வாங்க தம்பி என்று கூட்டிப்போனான், டீக்கடை கண்ணெதிரே இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாத டீக்கடைக்கு. திரும்பி வந்ததும், உங்களை மாதிரி ஆள் எங்களுக்கு வேணும்கிறான் என்று தாகிர் சிரித்துக்கொண்டே சொன்னான். வேலையா என்றாள். அப்படித்தான் நினைக்கிறேன் என்றான். என்ன சொன்னீங்க என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அவனுடைய உதவித்தொகை மழைக்காலத்தோடு முடிகிறது, அப்புறம் வீட்டில் இருப்பது அவளுடையது மட்டும். அவனாகக் கேட்டுப் போகிறவன் இல்லை. ஆனால் கேட்காமல் வந்ததை வேண்டாம் என்கிறவனும் இல்லையே. ஓ, அங்கேதான் தம் போட்டிருக்கிறான். ஜோதிராமன் நீட்டியிருப்பான், இவன் வாங்கியிருப்பான். சிகரெட் வாங்கின கை வேறு எதையும் வாங்காதா?

அப்புறம் ராத்திரி பெட்டி கட்டினது யார்? அவன்தான். அவள் தலைவலி என்று படுத்துவிட்டாள், லாட்ஜ் சமையற்கட்டில் ஐஸ் இருக்கிறது, அங்கேயே வைத்துக் கட்டிவிடுகிறேன் என்று குழாய்களைத் தூக்கிக்கொண்டு போனான். வெகுநேரம் கழித்து வந்து கையைக் கழுவினான், நகத்துக்குள் எல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான், பாதித் தூக்கத்தில் அந்தத் தண்ணீர்ச் சத்தம் அவளுக்குக் கேட்டது. ஏன் அவ்வளவு நேரம்? சேறு பட்ட கை கழுவத்தான் நேரமாகும். ஆனால் மூடின குழாயில் சேறு எங்கிருந்து வரும்? காலையில் ஜோதிராமன் மறுபடி வந்து, எங்க வண்டியிலேயே பெட்டியை மதுரையில் இறக்கிவிடுகிறோம், பஸ்ஸில் எதுக்குக் கஷ்டம் என்றபோது தாகிர்தான் வேண்டாம் என்றான். வேண்டாம் என்றது நல்லதுதானே. நல்லதுதான். சரி என்றிருந்தால் இவனை நம்பமுடியாது என்று நினைத்திருப்பாள். வேண்டாம் என்றதும், பார், எப்படி நடிக்கிறான் என்று நினைக்கிறாள். காரியத்தை ராத்திரியே முடித்தவனுக்குக் காலையில் வண்டி எதற்கு? சீ, என்ன புத்தி இது, பத்து மாதம் முன்னால் டைபாயிட் வந்து கிடந்தபோது அவளுக்குக் கஞ்சி ஊட்டின மனுஷன். ஆனால் கஞ்சி ஊட்டுவதற்கும் மூடியைத் திறப்பதற்கும் என்ன சம்பந்தம், இரண்டையும் ஒரே கை செய்யமுடியாதா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று உம்மா சொல்வாள். உம்மாவுக்கு என்ன, உம்மா ஆழக்குழியைப் பார்த்ததில்லை.

தேவிக்கானலுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் குணவதி மேடம் அவளை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது வேறு தொண்டையில் முள்ளாக நின்றது. தப்பா எடுத்துக்காதே, பெட்டியை நீயே கையோடு கொண்டுவா, தாகிர்கிட்ட விடாதே, அந்தக் கம்பெனிக்காரங்க அவனைச் சுத்திக்கிட்டிருக்காங்கன்னு காதுல விழுந்துச்சு. மேடம் பொதுவாக யாரையும் குறை சொல்கிறவர் இல்லை, அதனால்தான் அது இன்னும் ஆழமாக இறங்கியது. ஷாகிராவுக்குக் கோபம் வந்தது, என் வீட்டுக்காரர் அப்படிப்பட்டவர் இல்லை என்று சொல்லவேண்டும் என்று வாய்வரை வந்தது, வந்தது வாயோடு நின்றுவிட்டது. சரி மேடம் என்றாள். அந்தச் சரியை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. வீட்டில் மச்சான் என்று கூப்பிடுகிறாள், ஆய்வகத்தில் சார் என்று கூப்பிடுகிறாள், மேடம் முன்னால் மட்டும் அவனுக்கு ஒரு பேரும் சொல்லாமல் சரி மேடம் என்கிறாள். பிளம்ஸ் அம்மாள் மூக்கிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டுப் பேச ஆரம்பித்தாள். மேட்டுத்தெருவில்தான் வீடாம், ஊற்றுக்குப் போய்க் குடம் சுமந்து சுமந்து இடுப்பு போய்விட்டதாம், ஏரித்தண்ணீர் வரப்போகிறதாமே, நெசந்தானா என்று கேட்டாள். தெரியலை என்றாள் ஷாகிரா. மருமகள் முழுகாமல் இருக்கிறாளாம், அவளையும் குடம் தூக்கவைக்க முடியுமா? “தண்ணி வந்தாப் போதும் தாயி. அது பச்சையா இருந்தா என்ன, மஞ்சளா இருந்தா என்ன.” ஷாகிரா பெட்டியை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அந்த மருமகள் தண்ணீர் குடிப்பாள், வயிற்றுக்குள் இருப்பதும் குடிக்கும். இந்தக் குழாய் பொய் சொன்னால் யாருக்கும் தெரியாது, மேடத்துக்கும் தெரியாது, அடுத்த கோடையில் ஏரிக்குத்தான் தெரியும்.

பாதி மலையில் டீக்கு நிறுத்தினார்கள். எல்லோரும் இறங்கினார்கள், பிளம்ஸ் அம்மாளும் கூடையைச் சீட்டில் வைத்து, பார்த்துக்க தாயி என்று சொல்லிவிட்டு இறங்கினாள். முன்பின் தெரியாதவளை நம்பிக் கூடையை விட்டுப்போக அந்த அம்மாளால் முடிகிறது. ஷாகிரா பெட்டி மூடியைக் கொஞ்சமாகத் தூக்கினாள், பார்ப்பதற்கு மட்டும், தொடக்கூடாது. ஆழக்குழிக் குழாயில் அவன் கையெழுத்தில் ஆ என்று எழுதியிருந்தது. ரப்பர் மூடி, அதைச் சுற்றி டேப்பு. டேப்புக்குக் கீழே, மூடி குழாயோடு சேருகிற இடத்தில், பழுப்பாக ஒரு கோடு. ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். பழுப்புத்தான். துருவின் நிறம். கறுத்த சேற்றுத் தண்ணீரில் காற்றுப் பட்டால் இரும்பு இந்த நிறத்தில்தான் ஒதுங்கும், இதை எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறாள். அழவேண்டும் போலிருந்தது, அவனை உலுக்கவேண்டும் போலிருந்தது, அதைவிட அதிகமாக, இது துரு இல்லை என்று யாராவது சொல்லவேண்டும் போலிருந்தது. சொல்ல யாரும் இல்லை. மதுரைக்குப் போய், எல்லோர் முன்னாலும் திறந்து, எல்லோர் முன்னாலும் அவன் மானம் போவதைவிட இப்போதே தெரிந்துகொண்டால் என்ன? டேப்பை மட்டும் ஒரு ஓரம் பிரித்துப் பார்த்தால் என்ன? டேப்பு வேறு, மூடி வேறு. நகத்தால் நெருடினாள், ஓரம் வந்தது, ஒரு சுற்று வந்தது. அடியில் பழுப்பாகக் கெட்டியாக ஒட்டியிருந்தது. சுரண்டினாள். துரு சுரண்டினால் பொடியாகும், இது பொருக்காகப் பெயர்ந்தது, பெயர்ந்ததோடு மூடியும் ஒரு நூல் நகர்ந்து, புஸ்ஸென்று முட்டை வாடை முகத்தில் அடித்தது.

கையிலிருந்த பொருக்கை முகர்ந்து பார்த்தாள். கோதுமை மாவு. பிசைந்து, உருட்டி, திரியாக்கி, மூடியைச் சுற்றி இடைவெளி இல்லாமல் ஒட்டி, விரலால் அமுக்கி அமுக்கி விட்ட மாவு. விரல் பதிந்த தடம்கூட அப்படியே காய்ந்திருந்தது. மாமனார் கல்யாணப் பந்தல்களில் தேக்சாவை மூடி, ஆவி ஒரு பொட்டும் வெளியே போகாமல் மாவால் ஒட்டுவாரே, அதே மாவு, அதே விரல். தம். பிரியாணிக்குப் போடுகிற தம். தம் போட்டிருக்கேன், பயப்படாத. பண்டாரி மகன் லாட்ஜ் சமையற்கட்டில் ராத்திரி நின்று மாவு பிசைந்திருக்கிறான், டேப்பை நம்பாமல், மலை இறக்கத்தில் டேப்பு தளர்ந்துவிடுமோ என்று பயந்து, அப்பன் தொழிலில் கண்ட வித்தையை ஆழக்குழிக்குச் செய்திருக்கிறான், நகத்துக்குள் போன மாவைத்தான் அவ்வளவு நேரம் கழுவியிருக்கிறான். அவளுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. வெட்கங்கெட்ட சந்தோஷம். என் மச்சான் திறக்கவில்லை, என் மச்சான் திறக்கவில்லை என்று உள்ளே கூத்தாடியது. திறந்தது யார் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. பதறிப்போய் மூடியை அமுக்கப் போனாள், அந்த நேரம் பார்த்து டிரைவர் ஏறி வண்டியைப் பின்னால் எடுக்க, பஸ் ஒரு குலுக்குக் குலுக்க, பாதி கழன்ற மூடி கையோடு வந்துவிட்டது. ஏரித்தண்ணீர் சுடிதாரில் கொட்டியது. குழாய்க்குள் மிச்சமிருந்தது சேற்றோடு சேர்ந்து குழம்பிக் கறுப்புக் கரைசலாகச் சுழன்றது. அவள் மூடினாள், பெயர்ந்த மாவைத் திரும்ப ஒட்டிப் பார்த்தாள், காய்ந்த மாவு ஒட்டுமா? காற்று உள்ளே போயாகிவிட்டது. ஜோதிராமன் செய்ய நினைத்தானோ நினைக்கவில்லையோ, அவன் கம்பெனிக்கு வேண்டிய வேலையை அவள் சம்பளம் வாங்காமல் செய்துகொடுத்துவிட்டாள். ஆழக்குழி இனி நல்ல பிள்ளை மாதிரிப் பேசும். அது நிஜமாகவே நல்ல பிள்ளையாகவும் இருந்திருக்கலாம், இனி யார் கேட்டுத் தெரிந்துகொள்வது? பிளம்ஸ் அம்மாள் ஏறி வந்து, என்ன தாயி இப்படி நனைஞ்சிருக்க என்று கேட்டுத் தன் துண்டை நீட்டினாள். கூடையில் பழம் குறைந்திருக்கிறதா என்று அவள் பார்க்கக்கூட இல்லை.

மீதி வளைவுகளில் ஷாகிரா கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். பஸ் குலுங்கியது, மூடி கழன்றது என்று சொல்லலாம், அது பாதி உண்மையும்கூட. மேடம் குழாயைக் கையில் வாங்குவார், கிழிந்த டேப்பைப் பார்ப்பார், நகம் பட்ட இடத்தைப் பார்ப்பார். குலுங்கின பஸ்ஸுக்கு நகம் ஏது? ஒன்றும் கேட்கமாட்டார், நான் அன்றைக்கே சொன்னேனே என்கிற மாதிரி அவளை ஒரு பார்வை பார்ப்பார், அந்தப் பார்வையிலேயே தாகிர் கதை முடிந்துவிடும். அப்புறம் அவன் அந்த ஆய்வகத்தில் எத்தனை வருஷம் நல்லவனாக இருந்தாலும் குழாய் திறந்தவன்தான், அவனுக்கே தெரியாமல் திறந்தவன். அதைத் தடுக்க ஒரே ஒரு வாக்கியம்தான் உண்டு, நான்தான் திறந்தேன் மேடம் என்பது. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, ஏன்? அந்த ஏனுக்குப் பதில் சொன்னால் அவன் தப்பித்துவிடுவான், ஆனால் அந்தப் பதில் அவன் காதுக்கும் போகும். மேடத்திடம் ஒன்று, அவனிடம் ஒன்று சொன்னால்? முழுப்பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பது, அதுவும் இரண்டு இலையில். வேறு பதில் தேடித் தேடிப் பார்த்தாள். மலை முடிந்து மாந்தோப்புகள் வந்தன, ஜன்னல் வழியே சூடாகக் காற்று வந்தது, கைப்பையில் போன் உயிர் வந்து அடித்தது. அவன்தான். மேலே சிக்னலுக்காக எங்கேயோ பாறைமேல் ஏறி நின்றிருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. எதுவரைக்கும் வந்திருக்கிறாய், சாப்பிட்டாயா, இங்கே தூறல் போட ஆரம்பித்துவிட்டது, ஏரியெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கிறது என்று வரிசையாகச் சொன்னான். கம்பெனிக்காரனுக்கு வரமுடியாதுன்னு சொல்லிட்டேன், நேத்தே சொல்லணும்னு நெனச்சேன், நீ தலைவலின்னு படுத்துட்ட என்றான். அப்புறம்தான் ஆழக்குழி பத்திரமா என்று கேட்டான்.

“நான் திறந்துட்டேன்” என்றாள் ஷாகிரா.

அவன் சிரித்தான், அவள் விளையாடுகிறாள் என்று நினைத்தான் போலிருக்கிறது. சிரிப்பு பாதியில் நின்றது. எதுக்கு என்றான். யாராவது திறந்திருப்பாங்களோன்னு பார்க்க என்றாள். யாராவதுன்னா, பெட்டியை என்னைத் தவிர யாரு என்று ஆரம்பித்தவன் அங்கேயே நிறுத்திக்கொண்டான். பிளம்ஸ் அம்மாள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“மேடம் பார்க்கச் சொன்னாங்களா, நீயாப் பார்த்தியா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும், பாரம் முழுக்க மேடத்தின் தலையில் இறங்கிவிடும், அவன் மேடத்தை வெறுத்துவிட்டு அவளை மன்னித்துவிடுவான். மேடம் சொன்னதும் பொய்யில்லையே. ஆனால் மேடம் பெட்டியைக் கையோடு கொண்டுவரத்தான் சொன்னார். நகம் அவளுடையது.

“நானாத்தான் மச்சான்.”

அவன் போனை வைக்கவில்லை. வைத்துவிட்டால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. பஸ் ஒரு ஊரைத் தாண்டியது, இன்னொரு ஊரின் சந்தையைத் தாண்டியது. பிறகு, வேலை விஷயமாகப் பேசும்போது வருமே அந்த நிதானமான குரலில் அவன் சொன்னான்.

“சரி. மிச்சக் குழாயையாவது திறக்காம கொண்டுபோய்ச் சேத்துடுங்க.”

வீட்டில், அவர்கள் இரண்டு பேர் மட்டும் பேசிக்கொள்ளும்போது, அவன் அவளை ஒருநாளும் ‘ங்க’ போட்டுப் பேசினதில்லை.